தினமும் மீன் சாப்பிட்டும் கொலஸ்ட்ரால் ஏன் ஏறுகிறது?

கேள்வி: காக்கா (அண்ணா), எனக்கு 44 வயது. ஊர் கீழக்கரை. பல வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து, இப்போது ஊரில் கடை வைத்திருக்கிறேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 248, டிரைகிளிசரைடு 230, நல்ல கொழுப்பு (எச்.டி.எல்.) 36, கெட்ட கொழுப்பு (எல்.டி.எல்.) 166 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்க டாக்டர் ரோசுவாஸ்டாடின் என்ற மாத்திரை 10 மில்லிகிராம் எழுதித் தந்தார்; இன்னும் வாங்கவில்லை. வாப்பாவுக்கு 52 வயதில் ஹார்ட் அட்டாக் வந்தது. எங்கள் வீட்டில் தினமும் மீன்தான், கறி வாரத்துக்கு ஒரு நாள். அப்படியிருந்தும் ஏன் இப்படி? இறால், முட்டையை நிறுத்தவேண்டுமா? மச்சான் மீன் எண்ணெய் மாத்திரை அனுப்பியிருக்கிறார், சாப்பிடலாமா? மருந்து இல்லாமல் சாப்பாட்டிலும் நடையிலும் குறைக்க வழி உண்டா?

பதில்:

தம்பி, மருந்துக் கடையில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு கோளாறுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கெட்ட கொழுப்பு 166 என்பது ஒன்று. டிரைகிளிசரைடு 230, நல்ல கொழுப்பு 36 என்பது இன்னொன்று. முன்னதை ஏற்றுவது பெரும்பாலும் தேங்காய், பாமாயில், நெய், கறிக்கொழுப்பு, அதோடு பரம்பரை. பின்னதை ஏற்றுவது சோறு, சீனி, தொப்பை, உட்கார்ந்தே கிடப்பது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'கொழுப்பு' என்று ஒரே பெயர் வைத்துவிட்டு, ஒருவர் சொன்ன வைத்தியத்தை இன்னொருவர் செய்து பார்த்துவிட்டு ஏமாறுகிறோம். எந்த ஆலோசனை வந்தாலும் இது இரண்டில் எதற்கு என்று முதலில் கேளுங்கள்.

கெட்ட கொழுப்பைப் பெரும்பாலான பரிசோதனைக் கூடங்கள் நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகின்றன. மொத்தத்திலிருந்து நல்ல கொழுப்பையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். உங்களுக்கு 248இல் 36ஐயும் 46ஐயும் கழித்தால் 166 வருகிறது, கணக்கு சரி. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும், அப்போது நேரடியாக அளக்கச் சொல்லவேண்டும்.

மீனுக்கு வருவோம். உங்கள் வீட்டு மீனில் குற்றம் இல்லை. அதைச் சுற்றி என்ன வேகிறது என்று பாருங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் ஆணம் (குழம்பு), பக்கத்தில் பாமாயிலில் பொரித்த துண்டு, நடுவில் குவித்த வெள்ளைச் சோறு. இந்தத் தட்டில் மீன் மட்டும்தான் நல்ல பிள்ளை.

தேங்காயின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 100 கிராம் தேங்காய்த் துருவலில் ஏறக்குறைய 33 கிராம் கொழுப்பு இருக்கிறது, அதில் 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது கெட்ட கொழுப்பை ஏற்றும் வகை. ஐந்து பேருக்கு ஆக்கும் ஆணத்தில் 150 கிராம் தேங்காய் அரைத்துப் பால் எடுத்தால், சக்கையோடு போவதைக் கழித்தாலும் ஆளுக்கு எட்டு கிராம் போல நிறைவுற்ற கொழுப்பு சேரும். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் உச்சவரம்பு சுமார் 22 கிராம். கொலஸ்ட்ரால் ஏறியவருக்கு 15 கிராமில் நிறுத்துவது நல்லது. மதியம் ஒரு ஆணத்திலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. காலையில் இடியாப்பத்துக்கு ஊற்றிய தேங்காய்ப்பாலும், இரவுக்குத் தேங்காய்ச் சட்னியும் இன்னும் கணக்கில் வரவில்லை.

"நம் பாட்டன் பூட்டன் எல்லாம் தேங்காய் சாப்பிட்டுத்தானே வாழ்ந்தார்கள்" என்று நீங்கள் கேட்கும்முன் நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வல்லத்தில் துடுப்புப் போட்டார்கள், கரைவலை இழுத்தார்கள், பனை ஏறினார்கள். அவர்களுடைய கொலஸ்ட்ராலை யாரும் அளந்து பார்த்ததும் இல்லை. தேங்காய் எண்ணெய் பற்றி 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் ஒரு கட்டுரை வந்தது. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பைச் சுமார் 10 புள்ளி கூட்டுகிறது என்பது அதன் முடிவு. நல்ல கொழுப்பும் கொஞ்சம் கூடுகிறது. ஆனால் அந்தக் கூடுதலால் இதயத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. தேங்காயை வீட்டைவிட்டே விரட்டச் சொல்லவில்லை. புளி கரைத்து, தக்காளியும் சின்ன வெங்காயமும் போட்டு வைக்கும் குழம்பு நம் கரையோரத்துக்குப் புதிதா? வாரத்தில் ஐந்து நாள் அது, இரண்டு நாள் தேங்காய்ப்பால் ஆணம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணெயும் அப்படித்தான். ரேஷன் பாமாயிலில் சரிபாதி நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்குதான், கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாமாயிலை விளக்குக்கு ஊற்றுங்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, விலை அப்படி. ஆனால் நெஞ்சுவலிக் குடும்பத்தில் பிறந்த நீங்கள் ஒருவராவது நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் மாறவேண்டும். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். அளவைக் குறைத்தால் விலையும் கட்டுப்படியாகும்.

இறால், முட்டை பற்றிய பயம் பழைய பயம். உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரிக்கிறது. ரத்தத்தில் அலையும் கெட்ட கொழுப்பைப் பிடித்து இறக்கும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. அதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அந்த ஏற்பிகள் மந்தமாகின்றன. உணவில் இருக்கும் கொலஸ்ட்ரால் பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. இறாலில் கொலஸ்ட்ரால் அதிகம், ஆனால் கொழுப்பு 100 கிராமுக்கு ஒரு கிராமை ஒட்டித்தான். 1996இல் நியூயார்க்கில் சிலருக்குத் தினமும் 300 கிராம் இறால் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு 7 சதவீதம் ஏறியது, நல்லது 12 சதவீதம் ஏறியது, டிரைகிளிசரைடு இறங்கியது. தினமும் 300 கிராம் இறால் வாங்க உங்களுக்கும் கட்டாது, எனக்கும் கட்டாது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இறாலோ கணவாயோ சாப்பிடுங்கள், முட்டை வாரத்துக்கு நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த இறாலும் இறால் பிரியாணியும் இந்தக் கணக்கில் சேராது, ஏனென்றால் அங்கே பேசுவது நெய்யும் எண்ணெயும். கருவாட்டில் கொழுப்பைவிட உப்புதான் பிரச்சினை. ரத்த அழுத்தம் இருந்தால் வெந்நீரில் ஊறவைத்து அலசி, எப்போதாவது சாப்பிடலாம்.

ஏலக் கடையில் வஞ்சிரமும் விளைமீனும் பார்த்துவிட்டு சாளையையும் சூடையையும் ஏளனமாகத் தாண்டிப் போகிறோமே, அதில்தான் எனக்கு வருத்தம். இதயத்துக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு மலிவான, எண்ணெய்ச் சத்துள்ள சாளையிலும் அயிலையிலும்தான் அதிகம். வாரம் இரண்டு மூன்று தடவை சாளைக் குழம்பு வைத்தால் ஒமேகா 3க்காக வேறு எங்கும் அலையவேண்டாம். பொரித்தால் மீனின் எண்ணெய் கொஞ்சம் சட்டிக்குப் போகும், சட்டியின் எண்ணெய் மீனுக்கு வரும்.

கெட்ட கொழுப்பைக் குறைக்க இன்னொரு கை இருக்கிறது, நம் ஊர் அதை மறந்துவிட்டது: கரையும் நார்ச்சத்து. குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். புதிய பித்தநீர் தயாரிக்க ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைக் கல்லீரல் எடுத்துக்கொள்ளும். கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, வெண்டைக்காய், கத்திரிக்காய், கொய்யா இவற்றிலெல்லாம் அது உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறியதும் எல்லோரும் பிராய்லர் கோழிக்குப் பாய்கிறோம். அந்த இரண்டு மாதத்தைப் பயறு வகைகளுக்கு ஒதுக்கலாம். தினமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையை அவித்துச் சாப்பிடுங்கள், கடலை மிட்டாயாக வேண்டாம். இசப்கோல் உமி மலச்சிக்கலுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். தினமும் 7 முதல் 10 கிராம் எடுத்தால் கெட்ட கொழுப்பு 5 முதல் 7 சதவீதம் குறையும். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்ததும் குடித்துவிடவேண்டும், கெட்டியாகவிட்டால் தொண்டையில் அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். என் கடையில் கொலஸ்ட்ராலுக்கு என்று தைரியமாக எடுத்துக் கொடுத்த துணைப்பொருள் இது ஒன்றுதான்.

இனி அடுத்த கோளாறு, டிரைகிளிசரைடு. இதற்குத் தேங்காயைவிடச் சீனிதான் பெரிய எதிரி. கடையில் உட்கார்ந்து நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 40 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. கருப்பட்டி போட்டால் தப்பிக்கலாம் என்று சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைப் பலர் தேடி வாங்குகிறார்கள். ருசியில் அதற்கு ஈடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லீரலுக்கு அதுவும் சர்க்கரைதான். நம் ஊர்த் தொதல் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்தது, இரண்டு கோளாறுகளையும் ஒரே துண்டில் ஏற்றும் வல்லமை அதற்கு உண்டு. விருந்தாளி வந்தால் ஒரு துண்டு. நோன்புக் காலத்தில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் கெடுதல் இல்லை. சமோசாவும், சீனிப் பாகில் மிதக்கும் கடல்பாசியும், ரோஸ் நிற சர்பத்தும் சேரும்போதுதான், பட்டினி கிடந்த மாதத்தில் எடை கூடுகிற அதிசயம் நடக்கிறது.

மதியச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காய்கறியும் பயறும் வையுங்கள். குதிரைவாலியோ சிவப்பரிசியோ சமைத்தாலும் அளவு அளவுதான். சிறுதானியம் என்பதால் இரண்டு தட்டு சாப்பிட உரிமை வந்துவிடாது. இரவு பரோட்டாவை வாரத்துக்கு ஒரு நாள் ஆக்குங்கள். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே டிரைகிளிசரைடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். மது உங்களுக்குப் பொருந்தாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், டிரைகிளிசரைடை ஏற்றுவதில் அதுவும் முன்வரிசை. புகைபிடிப்பது நல்ல கொழுப்பைக் குறைக்கும். இடுப்பளவை நீங்கள் எழுதவில்லை. பேண்ட் சைஸைப் பார்க்காதீர்கள், அதைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறோம். தொப்புளுக்கு நேராக டேப்பை வைத்து அளந்து 90 சென்டிமீட்டரைத் தாண்டினால், நம்மைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு அது அபாயக் கோடு.

உடற்பயிற்சியைப் பற்றி உண்மையைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். நடை, கெட்ட கொழுப்பைக் கொஞ்சம்தான் குறைக்கும். டிரைகிளிசரைடையும் ரத்தச் சர்க்கரையையும் தொப்பையையும்தான் நன்றாகக் குறைக்கும். "தினமும் நடக்கிறேன், 166 அசையவே இல்லை" என்று மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை: உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது. நம் வெயிலுக்கும் கடல் புழுக்கத்துக்கும் பஜ்ரு (விடியற்காலைத்) தொழுகைக்குப் பிறகான நேரம்தான் சரி. படகுத்துறை ஜெட்டிப் பக்கம் ஈர மணலில் நடந்தால் முழங்காலுக்கு இதம், கால் புதையும் காய்ந்த மணலில் நடந்தால் தசைக்கு வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடப்பது டிரைகிளிசரைடுக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் உங்கள் குடும்ப வரலாற்றுக்கு, திடீரென்று ஓட்டத்தில் இறங்கவேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மச்சான் அனுப்பிய டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் என்று இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கும், பெரும்பாலான டப்பாக்களில் இதுதான் அளவு. இவை இரண்டும்தான் ஒமேகா 3; வேலை செய்வது அந்த 300 மட்டும்தான். ஒரு வேளை சாளைக் குழம்பில் கிடைப்பதற்கு மூன்று நான்கு மாத்திரை விழுங்கவேண்டும். கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு துபாயிலிருந்து மீன் எண்ணெய் வரவழைப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மீன் எண்ணெய் கெட்ட கொழுப்பைக் குறைக்காது. டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டி, கணையம் வீங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் நாளுக்கு 4 கிராம் வரை மருந்தாகக் கொடுப்பார்கள். அது வேறு சங்கதி. அதிக அளவில் எடுத்தால் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. டப்பாவில் 'லிவர் ஆயில்' என்று இருந்தால் அது மீன் ஈரல் எண்ணெய். வைட்டமின் ஏ அதிகம், கர்ப்பிணிகள் கையில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற துணைப்பொருள்களுக்கு ஒரே ஆய்வைச் சொன்னால் போதும். 2022இல் அமெரிக்காவில் 190 பேரிடம் நடந்தது. ரோசுவாஸ்டாடின் 5 மில்லிகிராம் ஒரு குழுவுக்கு. மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகியவை ஆளுக்கொன்றாக மற்றக் குழுக்களுக்கு. ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 28 நாளில் ரோசுவாஸ்டாடின் கெட்ட கொழுப்பைச் சுமார் 38 சதவீதம் குறைத்தது. துணைப்பொருள்களில் ஒன்றுகூட வெறும் மாத்திரையைவிடச் சொல்லிக்கொள்ளும்படி குறைக்கவில்லை. பூண்டைக் குழம்பில் தாராளமாகப் போடுங்கள், கேப்சூலில் வாங்காதீர்கள். சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மொனக்கோலின் கே என்பது லோவாஸ்டாடின் என்ற மருந்தேதான். டப்பாவுக்கு டப்பா அளவு மாறும். மருந்தே வேண்டாம் என்று ஓடுகிறவர் அளவு தெரியாத மருந்தை விழுங்குவது என்ன நியாயம்? கடல்பாசிப் பொடி, மாத்திரை என்று இப்போது வருகின்றன. அவற்றில் அயோடின் கூடுதலாக இருக்கலாம், தைராய்டு உள்ளவர்கள் விலகியிருங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன்: மருந்து இல்லாமல் முடியுமா? கனடாவின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003இல் நார்ச்சத்து, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் எல்லாம் சேர்த்து ஓர் உணவுத் திட்டம் வகுத்தது. சாப்பாட்டை அவர்களே தயாரித்துக் கொடுத்தபோது கெட்ட கொழுப்பு சுமார் 29 சதவீதம் குறைந்தது. 2011இல் அதே திட்டத்தை மக்கள் தங்கள் வீட்டிலேயே கடைப்பிடித்தபோது குறைந்தது சுமார் 13 சதவீதம். நீங்களும் வீட்டில்தான் சாப்பிடப்போகிறீர்கள். 166இல் 13 சதவீதம் போனால் 144 மிஞ்சும். இந்திய இதயவியல் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஆபத்துக் குறைந்தவருக்கே 100க்குக் கீழ் இருக்கவேண்டும். ஆபத்து அதிகமானவருக்கு 70க்குக் கீழ். வாப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு, நல்ல கொழுப்பு 36 என்று இருக்கும் உங்களை எந்த டாக்டரும் ஆபத்துக் குறைந்தவர் பட்டியலில் சேர்க்கமாட்டார். ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் 45 சதவீதம் போலக் குறைக்கும். உணவும் மருந்தும் சேர்ந்தால் 80ஐ ஒட்டி வரும். உணவு மட்டும் என்றால் 144. என் அபிப்பிராயம், சீட்டை இன்றே கொண்டுபோய் மருந்தை வாங்குங்கள், சாப்பாட்டையும் இன்றே மாற்றுங்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று வரிசை போடவேண்டாம்.

மருந்தைப் பற்றிய பயத்தையும் பேசிவிடுவோம். கெட்ட கொழுப்பு ஒவ்வொரு 40 புள்ளி குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பெரிய ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. தசைவலி வரும் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். 2020இல் லண்டனில், ஸ்டாடினால் (ரோசுவாஸ்டாடின் போன்ற மருந்துகளின் பொதுப்பெயர்) வலி வந்தது என்று நிறுத்தியவர்களுக்கே மாறி மாறி ஸ்டாடினும் வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஸ்டாடினில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. உண்மையாகவே வலி வருகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு அளவையும் மருந்தையும் மாற்றலாம். சர்க்கரை நோய்க்கு ஓரத்தில் நிற்பவர்களை ஸ்டாடின் கொஞ்சம் உள்ளே தள்ளக்கூடும், அதனால் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ரோசுவாஸ்டாடினை எந்த நேரத்திலும் எடுக்கலாம், நோன்பில் தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு எடுத்தாலும் சரி.

டாக்டரைப் பார்க்கும்போது தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனையும் மூன்று மாத சர்க்கரைச் சராசரியும் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். தைராய்டு மந்தமாக இருந்தால் அதுவே கெட்ட கொழுப்பை ஏற்றும்; அதைச் சரிசெய்யாமல் தேங்காயோடு சண்டை போட்டுப் பயனில்லை. லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒன்று உண்டு, பரம்பரையாக வருவது, உணவாலும் நடையாலும் அசையாது. வாழ்நாளில் ஒரு முறை அளந்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் டாக்டர் இன்னும் கறாராக இருப்பார். மருந்து தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில், அதே பரிசோதனைக் கூடத்தில், கொழுப்புச் சோதனையைத் திரும்ப எடுங்கள். அதற்கு முந்தின நாள் கல்யாண விருந்து இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள், டிரைகிளிசரைடு ஏமாற்றிவிடும்.

வாப்பாவின் வியாதி உங்களுக்கு மட்டும் வந்த சொத்து இல்லை. உங்கள் கூடப்பிறந்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் உட்பட, எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளவேண்டும். யாருக்காவது கெட்ட கொழுப்பு 190ஐத் தாண்டினால் பிள்ளைகளுக்கும் எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கும். மச்சானிடம் அடுத்த தடவை மாத்திரைக்குப் பதிலாக உப்புச் சேர்க்காத பாதாம் ஒரு கிலோ அனுப்பச் சொல்லுங்கள்.